பால்வாடியா, பிளே ஸ்கூலா, ஆச்சியா?

என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. நான் வீரவநல்லூரிலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் திருநெல்வேலி ஜங்ஷன் போய் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பகல் முழுக்கப் பிள்ளை என் அத்தையிடம்தான், அதாவது அவளுடைய ஆச்சியிடம். மாசி பிறந்ததும் ஒரு பிளே ஸ்கூல்காரர்கள் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே வாரம் தெருமுனைப் பால்வாடி டீச்சரும் வந்து, “பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிட்டுல்லா, அனுப்பி வைங்க” என்றார். அத்தைக்கு ரெண்டுமே பிடிக்கவில்லை. “ஏட்டி, நான் நாலு பிள்ளைய வளத்து ஆளாக்குனவ. இவளப் பாத்துக்கிட மாட்டனா?”

சரி, மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கடையில் மூன்று நாள் லீவு சொன்னேன். ரயிலில் கூட வருகிற பெண்கள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

போவதற்கு முன்பு, எதைப் பார்ப்பது என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். கட்டடம், யூனிஃபார்ம், சுவரில் வரைந்த டோரா படம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். அதனால் ரெண்டே கேள்வி. பிள்ளையின் வயிற்றுக்குள் என்ன போகிறது? பிள்ளையோடு யார், எவ்வளவு நேரம் பேசி விளையாடுகிறார்கள்?

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவதை ஏன் அதே தராசில் வைத்தேன் என்றால், ஜமைக்காவில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றி முன்பு படித்திருந்தேன். 1980களில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 கைக்குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சில குழந்தைகளுக்கு வாராவாரம் ஒரு கிலோ பால்மாவு. சில குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வந்து, வீட்டுச் சாமான்களில் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுப்பார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தது. முடிவில் இரண்டும் கிடைத்த பிள்ளைகள்தான் வளர்ச்சியில் முன்னால் நின்றார்கள். அதே பிள்ளைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தால், விளையாட்டுப் பயிற்சி கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். பால்மாவு மட்டும் குடித்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சு இவ்வளவு செய்கிறது என்றால், ஒரு நாளில் எட்டு மணி நேரம் பிள்ளை இருக்கும் இடத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியுமா?

முதலில் வீடு. லீவு போட்ட முதல் நாள் அத்தையை வேவு பார்ப்பதுபோல ஆகிவிடக் கூடாதே என்று ஒரு மூலையில் துணி மடித்துக்கொண்டு இருந்தேன். காலையில் உளுந்தங்களி. வறுத்து அரைத்த கறுப்பு உளுந்து மாவு, கொஞ்சம் பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, கடைசியில் கையை நனைக்க நல்லெண்ணெய். உருட்டிய களியின் நடுவில் அத்தை கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, அதில் எண்ணெயை விட்டு, “கிணத்துல தண்ணி இருக்கான்னு பாரு” என்றார். பிள்ளை எட்டிப் பார்த்து, “இருக்கு ஆச்சி” என்று சொல்லி விரலை விட்டு நக்கினாள். அப்புறம் புளி குத்திக்கொண்டே கொட்டைகளை ஒன்று, ரெண்டு என்று எண்ண வைத்தார். பெரிய கொட்டை ஒரு பக்கம், சின்னக் கொட்டை ஒரு பக்கம். எந்தப் பிளே ஸ்கூலிலும் இதற்குக் காசு வாங்கிக்கொண்டுதான் சொல்லிக்கொடுப்பார்கள். (கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளாமல் கண்வைக்க வேண்டும். முழு நிலக்கடலையும் அப்படித்தான். ஐந்து வயது வரைக்கும் பொடித்துக் கொடுப்பதுதான் நல்லது.)

ஆனால் இந்தக் கச்சேரியெல்லாம் பதினொரு மணி வரைதான். அதற்குள் அத்தைக்கு முட்டுவலி வந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு டீயில் நனைத்த பிஸ்கட். மத்தியானச் சோறு ஊட்டும்போது போன். போன் ஓடினால் வாய் திறக்கிறது, நின்றால் மூடிக்கொள்கிறது. இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்க விடக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நான் கணக்குப் பார்த்தேன், அது என் தொழிலாயிற்றே. அன்றைக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம்.

இன்னொன்று பால். சோறு இறங்காத குறைக்கு அத்தை ஒரு நாளில் நாலு, அஞ்சு டம்ளர் பால் கொடுத்துவிடுகிறார். பால் நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8. இந்த வயதில் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, “எவ்வளவு பால் குடிக்கா?” என்பதுதான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். வயிற்றையும் அடைத்துவிடும். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார். டீயும் அதே வேலையைச் செய்யும், அதனால் டீ-பிஸ்கட்டுக்கும் முழுக்குப் போடச் சொன்னார்.

இது எங்கள் வீட்டு அதிசயம் ஒன்றுமில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 25 பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. “கருப்பட்டி போட்டுத்தானே குடுக்கேன், அதுல இரும்புச்சத்து இருக்குல்லா” என்று அத்தை வாதாடினார். ஒரு சின்னப் பிள்ளை தின்னும் அளவுக் கருப்பட்டியிலிருந்து வரும் இரும்பை வைத்து ரத்தம் ஊறாது. கருப்பட்டியும் ஒரு வகைச் சர்க்கரைதான். அதைவிட வாரம் ஒரு தடவை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ, முருங்கைக்கீரை போட்ட பருப்புச் சோற்றில் ரெண்டு சொட்டு எலுமிச்சையோ உருப்படியான வழி. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி கீரையின் இரும்பை இழுத்துக் கொடுக்கும்.

இரண்டாம் நாள் பிளே ஸ்கூல். பெயர் வேண்டாம். வருடத்துக்கு 22,000 ரூபாய், வேனுக்கு மாதம் 900. கதவு பூட்டுகிறார்கள், கேமரா இருக்கிறது, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறது. இந்த மூன்றுக்கும் முழு மதிப்பெண். பிள்ளைகளை அதட்டவும் இல்லை. கெட்ட இடம் என்று சொல்லமாட்டேன்.

பத்தரை மணிக்கு ஸ்நாக்ஸ் நேரம் வந்தது. பதினெட்டு டப்பாக்கள் திறந்தன. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். பதினொன்றில் கிரீம் பிஸ்கட், மூன்றில் சிப்ஸ், ஒன்றில் கேக், ஒன்றில் வெறும் சாக்லேட். ஒரு டப்பாவில் மட்டும் அவித்த பனங்கிழங்கைத் துண்டு போட்டு வைத்திருந்தது. ஒன்றில் மாதுளை. கிழங்கு கொண்டுவந்த பையன் மற்றவர்கள் பார்ப்பதற்குள் அவசரமாகத் தின்று முடித்தான். சாப்பாட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கவலையும் இல்லை. அது வீட்டுக்காரர்கள் பாடு. காலை எட்டு மணிக்கு வேனைப் பிடிக்க ஓடும் வீட்டில் டப்பாவுக்குள் பிஸ்கட்தான் விழும் என்பது எனக்கே தெரியும்.

அடுத்தது எழுத்து. மூன்று வயது முடியாத பிள்ளைகள் நாலு கோடு போட்ட நோட்டில் ‘ஸ்டாண்டிங் லைன்’, ‘ஸ்லீப்பிங் லைன்’ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. டீச்சர் பொறுமையாக அவள் கையைப் பிடித்து எழுத வைத்தார். டீச்சர் மேல் தப்பில்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். வருடக்கணக்கில் ஒன்றொன்றாகத்தான் எலும்பாக மாறும். இந்த வயதுக் கைக்கு வேண்டியது மாவு பிசைவது, மணல் அள்ளுவது, தாளைக் கிழித்து ஒட்டுவது. இதைக் கேட்டால், “எழுதச் சொல்லிக் குடுக்கலேன்னா பேரன்ட்ஸே சண்டைக்கு வராங்க மேடம்” என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். அவர் சொன்னது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

பேச்சு? இங்கிலீஷ் ரைம் பாடினார்கள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் டீச்சரிடம் போய், “எங்க ஆட்டுக்குட்டி நேத்து கயித்த அத்துட்டு ஓடிட்டு” என்று ஒரு பெரிய கதையை ஆரம்பித்தபோது, “ஓகே பேபி, சிட் டவுன்” என்று முடிந்துவிட்டது. ஒரு பிள்ளை தானாகச் சொல்லவரும் கதைக்கு இன்னும் நாலு கேள்வி கேட்டு நீட்டுவதில்தான் மொழி வளரும். எனக்கு அந்த இடத்தில்தான் மனம் விலகியது.

மூன்றாம் நாள் பால்வாடி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பால்வாடி என்றாலே ‘வசதி இல்லாதவங்க பிள்ளைக போற இடம்’ என்று ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது இது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார். அதற்கு முன்பே காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில். பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடம் சொல்லும் யோசனை நம் மண்ணுக்குப் புதிதில்லை. பிறகு எதற்கு இந்தக் கூச்சம்? சில வீடுகளில் பால்வாடி வேண்டாம் என்பதற்குச் சாப்பாடும் காரணமில்லை, படிப்பும் காரணமில்லை. அது எந்தத் தெருவில் இருக்கிறது, யார் சமைக்கிறார் என்பதுதான் காரணம். அதை இந்த ஒப்பீட்டில் ஒரு காரணமாக நான் சேர்க்கப்போவதில்லை.

நான் போனது புதன்கிழமை, முட்டை நாள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாரம் மூன்று முட்டை, முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு நாள் பயறோ கொண்டைக்கடலையோ, ஒரு நாள் உருளைக்கிழங்கு. ஆயா அவித்த முட்டைகளை ஒரு குண்டாவில் போட்டுக் குலுக்கினார். ஓடெல்லாம் நொறுங்கி, உரிக்க லேசாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்து, “நீயே உரி பாப்போம்” என்றார். பதினான்கு பிள்ளைகளும் நாக்கைக் கடித்துக்கொண்டு கால் மணி நேரம் உரித்தார்கள். விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி என்ன வேண்டும்? ஒரு முட்டையில் கிட்டத்தட்ட ஆறு கிராம் புரதம். வீட்டில் என் மகள் முட்டையைத் தொடவே மாட்டாள். அங்கே பக்கத்துப் பிள்ளை தின்பதைப் பார்த்து வெள்ளைக்கருவைத் தின்றாள்.

வீட்டிலும் பிளே ஸ்கூலிலும் இல்லாத ஒன்று அங்கே உண்டு: பிள்ளையை அளந்து பார்ப்பது. மாதாமாதம் எடை, உயரம். என் மகள் 11.2 கிலோ. டீச்சர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் காட்டினார். பச்சைக்குள்தான் இருந்தது, ஆனால் கீழ்க்கோட்டைப் பார்த்து நின்றது. இந்த வயதில் பெண்பிள்ளைகளின் நடுவளவு 13 கிலோவுக்குச் சற்று மேல். புஜத்தைச் சுற்றி ஒரு நாடாவும் பிடித்தார். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், 11.5க்குக் கீழே சிவப்பு, சிவப்பென்றால் ஆஸ்பத்திரி. இவளுக்கு 13.4. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ, பூச்சி மாத்திரை. வருடத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வேனில் வந்து கண், காது, பேச்சு, நடை எல்லாம் பார்க்கிறார்கள். காது சரியாகக் கேட்காததால் பேச்சு வராத பிள்ளையை வீட்டில் நாம், “அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று விட்டுவிடுவோம். இப்படி ஒரு கண் அவளைப் பார்ப்பது 22,000 ரூபாயில் கிடைக்கவில்லை.

படிப்புப் பக்கம் வந்தால், ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று அரசு கொடுத்திருக்கும் பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு, கதை, பாட்டு, விளையாட்டு. எழுத்து வேலை கிடையாது. சிக்கல் என்னவென்றால், அதை நடத்த டீச்சருக்கு நேரம் வேண்டும். நான் இருந்த அன்று காலையில் முக்கால் மணி நேரம் பாட்டும் கதையும் அருமையாக நடந்தன. ஆட்டுக்குட்டிக் கதையை டீச்சர் முழுசாகக் கேட்டு, “கயித்த எப்படி அத்துச்சு? கடிச்சா, இழுத்தா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு கர்ப்பிணிப் பெண் ஒருவர் சத்துமாவு வாங்க வந்தார். போனில் ஏதோ பதிவேற்ற வேண்டும் என்று சூப்பர்வைசர் அழைத்தார். பதிவேடுகள். பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு விளையாடினார்கள். ஒரு ஆள் எத்தனை வேலை பார்ப்பது? தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. பாடம் நடத்த மட்டும் பாதி நாளுக்குக் கூடுதலாக ஓர் ஆளைப் போட்டதும் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின. அதோடு, பழைய டீச்சருக்கு நேரம் கிடைத்ததால் வளர்த்திக் குறைவும் குறைந்தது. அந்தக் கூடுதல் ஆள் எங்கள் தெருவில் இல்லை.

எல்லாப் பால்வாடியும் இப்படி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கொழுந்தியா வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒன்று பார்த்தேன். பதினோரு மணிக்குச் சோறு, பன்னிரண்டு மணிக்குப் பூட்டு. அதனால் கேள்விப்பட்டதை நம்பாமல், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் பதினொன்றரைக்குப் போய் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா, யாராவது அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா, குடிதண்ணீர் மூடியிருக்கிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா. இந்த நாலும் போதும்.

எங்கள் எதிர்வீட்டு மதினிக்குக் கணக்கு வேறு. முக்கூடலில் பிறந்தவர், சொளகை (முறத்தை) மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறார். “நான் வீட்லதானே இருக்கேன், எதுக்குப் பால்வாடி?” என்று கேட்டார். கை ஓடிக்கொண்டிருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது, அவர் பிள்ளையோடு நன்றாகவே பேசுகிறார். அது பெரிய விஷயம். ஆனால் புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில் இரண்டு வயதுப் பிள்ளை தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே பகலில் பிள்ளை வேறு கூரைக்குக் கீழே இருப்பது நல்லது என்று சொன்னேன். பிள்ளைக்கு நாலு வயது தாண்டி, அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, வீட்டில் பெரியவர்கள் இல்லாத குடும்பம் என்றால், மாலை வரை பார்த்துக்கொள்ளும் நல்ல பிளே ஸ்கூலை நான் குறை சொல்லமாட்டேன். டப்பாவில் மட்டும் பிஸ்கட் போடாதீர்கள்.

எங்கள் வீட்டு முடிவு இப்படி வந்தது. காலையில் பால்வாடி, சோறும் தூக்கமும் அங்கேயே. மூன்று மணிக்கு மேல் ஆச்சி. அத்தைக்கு இது முதலில் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. “பகல்ல நீங்க ஓய்வெடுத்தாத்தானே அத்தை சாயங்காலம் அவளுக்குக் கதை சொல்ல முடியும்” என்றேன். முட்டுவலியை நினைத்தாரோ என்னவோ, சரி என்றார். பால் காலையும் இரவும் ஒவ்வொரு டம்ளர். சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து டானிக். சாப்பிடும்போது போன் கிடையாது, இது எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். முதல் மூன்று நாள் பிள்ளை பட்டினி கிடந்ததுபோல நடித்தாள், நான்காம் நாள் தானாக உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றாள்.

பிளே ஸ்கூலுக்குப் போயிருக்க வேண்டிய பணத்தில் மாதம் ஆயிரம் ரூபாயைச் சாளை மீனுக்கும் பழத்துக்கும் ஈரலுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் நடந்த பொருநை புத்தகத் திருவிழாவில் நேஷனல் புக் டிரஸ்ட் கடையிலிருந்து எட்டுப் படக்கதைப் புத்தகங்கள் வாங்கினேன். ரயில் தாமதமாகும் நாட்களில்கூட இரவில் ஒரு கதையாவது படித்துவிடுகிறேன். அடுத்த ஜூனில் எல்.கே.ஜி. பற்றி மறுபடி உட்கார்ந்து பேசவேண்டும்.

போன வாரம் எடை 11.9. பால்வாடியிலிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள்கருவை எடுத்து ஆச்சியிடம் நீட்டுகிறாள். “ஒனக்குத்தான் கொண்டாந்தேன்” என்கிறாளாம். அத்தை அதைச் சோற்றில் பிசைந்து மறுபடி அவளுக்கே ஊட்டிவிடுகிறார்.